ஒரு லயத்தின் பேரேடு

வணக்கம் நேயர்களே. பூட்டன் பேர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடுகிறவர்கள் நேரே பதிவாளர் கந்தோருக்குப் போய், வெறுங்கையோடு திரும்புவதுண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் குடும்பத்தைத் தேட நல்ல வழி, அந்தக் குடும்பம் குடியிருந்த லயம் (தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு) முழுவதையும் தேடுவதுதான்.

காரணம், ஆள் கட்டிய முறை. தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த பெரிய கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் சேர்த்தார். அந்தக் கூட்டம் வந்து இறங்கியதும் பெரும்பாலும் லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில், அதாவது அறைகளில்தான் குடியேறியது. உங்கள் வீட்டில் மறந்துபோன திருச்சிப் பக்கத்து ஊர்ப்பெயரை நாலாம் காம்பரா பாட்டி இன்றும் சொல்லக்கூடும்.

முதலில் லயத்தை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். ஒற்றை லயமா, முதுகு ஒட்டிய இரட்டை லயமா, எத்தனை காம்பரா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்த காலமும் உண்டு, ஆகவே கட்டம் பெரிதாக இருக்கட்டும். கதவிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம், இலக்கம் மாறும். கோயில் பக்கம், தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் என்று திசையையும் குறியுங்கள். எழுதுவது பென்சிலால்.

"எந்த வருசம் குடிவந்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. 1947 வெள்ளத்துக்கு முன்னா பின்னா? 1954இல் எலிசபெத் மகாராணி வந்தபோது இந்தப் பிள்ளை பிறந்திருந்ததா? 1973, 74 பஞ்சத்தில் இங்கே யார் இருந்தது? 83 கலவரத்துக்குப் பிறகு யார் போனது? இப்படிக் கேளுங்கள், வருசம் தானாக வந்து விழும்.

பிறகு கடுதாசி. டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். என் கணிப்பில் அரசாங்கத் தாளைவிட மொய் நோட்டுத்தான் உயர்ந்தது: கலியாணத்துக்கு மொய் வைத்தவரின் பேரோடு அவர் எந்த லயம், எந்தத் தோட்டம் என்பதும் பெரும்பாலும் இருக்கும், தேதியும் நிச்சயம். சாவு வீட்டுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தின் கொப்பி, கோயில் திருவிழாவுக்கு வரி எழுதிய கொப்பி இரண்டும் லயம் லயமாகக் குடும்பங்களை அடுக்கி வைத்திருக்கும். பித்தளைக் குடத்தின் கழுத்தையும் கோயில் மணியையும் திருப்பிப் பாருங்கள். வெட்டிய பேரும் வருசமும் இருக்கலாம்.

அரசாங்கப் பதிவில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மில் மிகப் பலர் வாக்குரிமை இழந்தார்கள். ஆகவே பல பத்தாண்டுகளுக்கு அவர்களுடைய பேரைத் தேர்தல் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) தேடுவது வீண். அங்கே பேர் இல்லை என்றால் ஆள் அங்கே இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த இடைவெளியை வேறு தாள்கள் அடைக்கும்: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்டு 5ஆம் திகதிக்குள் போட்ட பிரஜாவுரிமை மனுவின் பிரதி, நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் எடுத்த இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு, 1958இல் சட்டமான ஊழியர் சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கம். சேர்வு இடாப்பில் தகப்பன் பேரும் பிறந்த திகதியும் கிடைக்கும்; ஆனால் அந்தத் திகதி பல வேளை வாத்தியார் மதிப்பிட்டது.

செக்ரோல், அதாவது தோட்டத்தின் வேலை–சம்பளப் பதிவேடு, பார்க்க வேண்டுமானால் தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். டிவிசன், கங்காணி பேர், இரண்டு மூன்று வருசம் என்று சுருக்கிக் கேட்டால்தான் கிளாக்கர் அலுமாரியைத் திறப்பார். தோட்டங்களை அரசு எடுத்த 1972, 75 காணிச் சீர்திருத்தத்திலும் 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தபோதும் நிர்வாகம் கைமாறியது. கைமாறிய இடங்களில் எல்லாமே எஞ்சியிருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பேர்தான் அதிகம் ஏமாற்றும். ஒரே லட்சுமி ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பாள். குடும்பப் பேர் இல்லை. முதலெழுத்து தகப்பனுடையது, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். லயத்தில் மூன்று கருப்பையா இருந்தால் கூப்பிடுபேரையும் எழுதுங்கள்: நெட்டைக் கருப்பையா, கொழுந்து மடுவத்துக் கருப்பையா. தோட்டத்துக்கும் இரண்டு பேர் உண்டு, பலகையில் ஒன்று, வாயில் ஒன்று. இரண்டையும் சேர்த்தே குறியுங்கள்.

கட்டம் வெறுமையாகவே நின்றால் அந்தக் குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போயிருக்கலாம். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களிடம் விசாரியுங்கள். அங்கேயும் பழைய தோட்டத்தின் வாய்ப்பேரைச் சொன்னால்தான் விளங்கும்.

போகும் நேரம் முக்கியம். வேலை நாளில் காலையில் போனால் எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள். ஞாயிறு பின்னேரம் போய், தாளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விரித்து, வயதான பெண்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள். எந்தப் பெண் எந்தக் காம்பராவுக்கு மருமகளாக வந்தாள் என்ற கணக்கு அவர்களிடம்தான். சாதி, இரண்டாம் தாரம் போன்றவை பேச்சில் வரும். சொன்னவர் சம்மதிக்காமல் அதைத் தாளில் ஏற்றாதீர்கள். ஏழாம் காம்பரா யாருடையது என்று இரண்டு பாட்டிமார் சண்டை பிடித்தால் இரண்டு பேரையும் எழுதி, எதிரே யார் சொன்னது என்பதையும் எழுதி வையுங்கள்.