பாட்டிக்குப் புண் வந்தது என் தப்பா அக்கா? – முதியோர் இல்ல நர்ஸ் ஒருவரின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டதால் சொல்லவில்லை. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, காட்பாடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறார். நைட் டியூட்டியில் இவரும் ஓர் ஆயாவும்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் 14 பேர். பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்கு வால் எலும்புப் பக்கம் புண் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் கத்தியிருக்கிறார். மேனேஜர் எல்லார் முன்னாலும், "நீ ஒழுங்காகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் வந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு, திருப்பிய நேரத்தைக் குறிக்கும் சார்ட்டில் விட்டுப்போன இடங்களுக்கு டிக் போடவும் சொல்லியிருக்கிறார். "அக்கா, இது என் தப்பா? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? விட்டுவிடட்டுமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, முதலில் ஒரு கணக்குப் போடுவோம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். உடம்புக்கு அடியில் குறுக்கே விரித்திருக்கும் டிரா ஷீட்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இழுக்காமல் தூக்கி நகர்த்தி, லேசாக ஒருக்களித்து வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. டயாபர் நனைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இத்தனையும் ஐந்து நிமிடத்தில் முடித்தால் கெட்டிக்காரி. 14 பேருக்கு 70 நிமிடம். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஆறு ரவுண்டு என்றால் ஏழு மணி நேரம் போய்விட்டது. மீதி ஐந்து மணி நேரத்தில் மாத்திரை, டியூப் ஃபீடிங், யூரின் பேக், விடியற்காலை சுகர் டெஸ்ட், இன்சுலின், நோட்ஸ் எல்லாம். அந்த ஏழு மணி நேரமும் இரண்டு பேருமே கட்டிலோடு கட்டிப்போட்ட மாதிரிதான். பக்கத்து அறையில் ஒரு தாத்தா பாத்ரூம் போக எழுந்து விழுந்தால் ஓடிப்போய்ப் பார்க்க ஆள் இல்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் கை சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆள் போதவில்லை. அதுதான் தப்பு.

நான் பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். அங்கே ஆபரேஷன் ஆனவர் பத்து நாளில் "வரேன் சிஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டு நடந்து போவார். நாம் செய்த வேலை அந்த நடையில் தெரியும். அப்புறம் ஓர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வருடக் கணக்கில் ஒரு பாட்டிக்குத் தோல் கிழியாமல் பார்த்துக்கொண்டால், அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு புண் வந்தால் மட்டும் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். எங்கள் இல்லத்திலும் இதே மாதிரி ஒரு சின்னப் பெண்ணைத் திட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இன்னமும் அது எனக்கு உறுத்துகிறது.

சரி, புண்ணுக்கு வருவோம். டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர். தொழுநோய் வந்தவர்களின் காலில் வரும் புண்ணைப் பார்த்து, நோயே சதையை அரிக்கிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து புண்ணாகிறது என்று இங்கே வேலை பார்த்துத்தான் அவர் எடுத்துக்காட்டினார். படுக்கைப்புண்ணும் கிட்டத்தட்ட அதே கதை. நாம் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். பாட்டிக்குப் புரள முடியாது. அவருக்காக நாம் புரட்டுகிறோம்.

புத்தகத்தில் தோல் "சிவக்கும்" என்று இருக்கும். நம் ஊர் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் டார்ச் அடித்துப் பாருங்கள், கை வைத்தும் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? அதுதான் முதல் அறிகுறி. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்களை ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னார்கள். அது கெடுதல் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏர் பெட் இருக்கிறது, திருப்ப வேண்டாம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். மே மாதத்து வேலூர் வெயிலில் அந்த ரெக்சின் மேல் முதுகெல்லாம் வியர்த்து ஊறிக் கிடக்கும்.

இப்போது சார்ட். திருப்பாத நேரத்துக்கு டிக் போடாதீர்கள். எவ்வளவு மிரட்டினாலும் சரி. இரண்டு மணிக்கு முடியவில்லை என்றால், "2 மணி: திருப்பவில்லை. 14 படுக்கை நோயாளிகள், நர்ஸ் 1, ஆயா 1" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரச்சினை பெரிதானால் உங்கள் பக்கம் பேச அந்த வரி இருக்கும். பொய் டிக் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். தோல் கறுத்திருப்பதைப் பார்த்த அன்றைக்கே இன்சார்ஜிடம் சொல்லி, வீட்டாருக்குப் போன் போகச் செய்யுங்கள். அந்த மகன் கத்தினார் என்றால், புண் ஆன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பயமும் குற்ற உணர்வும் சேர்ந்து கோபமாகத்தான் வரும்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு, 50 படுக்கைக்கும் குறைவான இடமாக இருந்தால்கூட, மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் அமைக்கச் சொன்ன குழு பரிந்துரைத்தது. தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

விடுவதா வேண்டாமா? நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, நைட்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். ஆள் போட்டால் இருங்கள். உங்களை மாதிரி அழுதுகொண்டே கேட்கிற நர்ஸ் அந்தப் பாட்டிகளுக்கு வேண்டும். ஆள் போடாமல், பொய் டிக்தான் போட வேண்டும் என்றால், அடுத்த வேலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் லாயக்கில்லாமல் போகிறீர்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனைக் காப்பாற்றிக்கொண்டு போகிறீர்கள்.

பாட்டியின் புண் இப்போது எப்படி இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், நீர் வடிகிறதா, வாடை இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். படம் மட்டும் எடுத்து அனுப்ப வேண்டாம். அது அவருடைய உடம்பு.

அடுத்த கேள்வி ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறது.