திட்டம் நடக்கும்போதே கற்போம்

வணக்கம். திட்ட மேலாளர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

ஒரு திட்டம் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து ‘கற்ற பாடங்கள்’ என்று ஓர் அறிக்கை எழுதுகிறோம். அதற்குள் பாதிப் பேர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். நடுவில் ஒரு முடிவை ஏன் எடுத்தோம் என்பது எடுத்தவருக்கே மறந்திருக்கும். அடுத்த திட்டத்தைத் தொடங்குகிறவர் அந்த அறிக்கையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவருடைய அட்டவணையில் ஒரு வரியாவது அதனால் மாறியிருந்தால்தான் நிறுவனம் கற்றது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் திரும்பி வரும் வழியில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். ஏவும்போது வெளி எரிபொருள் தொட்டியின் வெப்பக்காப்பு உறையிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் ஓட்டை போட்டிருந்தது. நுரை பெயர்வது நாசாவுக்குப் புதிதல்ல. முந்தைய பயணங்களிலும் பெயர்ந்தது, பதிவும் ஆனது. ஓடம் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பியதால், ‘இது வழக்கம்தான்’ என்று பழகிவிட்டார்கள். 1986இல் ஏவிய சற்று நேரத்தில் சிதறிய சேலஞ்சர் ஓடத்திலும் இப்படித்தான். ராக்கெட்டின் இணைப்பு வளையங்கள் அரிக்கப்படுவது முன்பே தெரியும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். தகவல் கையில் இருந்தும் 7 பேர், மறுபடி 7 பேர்!

நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1978இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அறையின் வெப்பம் குறைந்தால் தெர்மோஸ்டாட் ஹீட்டரைப் போடும். அது ஒற்றை வளையக் கற்றல். ‘இந்த வெப்பநிலையை ஏன் வைத்தோம்?’ என்று கேட்பது இரட்டை வளையம். வேலை தாமதமானால் ஓவர்டைம் போடுகிறோம், ஆள் சேர்க்கிறோம். சரி, அந்த நாள்கணக்கை யார், எதை நம்பிப் போட்டார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் யாருக்காவது வலிக்கும்.

அந்தப் பயத்தை லேசாக நினைக்காதீர்கள். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களிலேயே அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயமில்லை என்பதை அவர் பிறகுதான் கண்டுகொண்டார்.

அதனால் முடிவுவரை காத்திருக்காதீர்கள். அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு பயிற்சி முடிந்த உடனேயே கூடிப் பேசும்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்து எதை மாற்றுவது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நீங்களும் அரை மணி நேரம் உட்காருங்கள். மேலாளர் முதலில் தன் தவறைச் சொல்லட்டும், அப்புறம் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். எழுந்து போகும் முன் அட்டவணையைத் திறந்து, மாற வேண்டிய வரியை அங்கேயே மாற்றிவிடுங்கள்.