மின்தடை பூஜ்ஜியம்! அப்புறம் ஏன் சூடாகிறது?

மீகடத்தியில் மின்தடை பூஜ்ஜியம் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஒரு நிபந்தனையை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் இந்த வீடியோ.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 1911-ல் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைக் குளிர்வித்தார், 4.2 கெல்வின் அருகே மின்தடை மறைந்தது. 1962-ல், 22 வயது பிரையன் ஜோசப்சன், இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் இருந்தாலும், மீகடத்தியில் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும் எலக்ட்ரான் ஜோடிகள் அதைக் கடக்கும், அதற்கு மின்னழுத்தமே வேண்டாம் என்றார். இந்த அமைப்புக்குப் பெயர் ஜோசப்சன் சந்தி. 1973-ல் நோபல். சரி, சூட்டுக்கு வருவோம்.

ஒரே திசையில் சீராக மின்னோட்டம் போகும்வரை வெப்பம் இல்லை. அதையே நொடிக்குப் பல நூறு கோடி முறை திசை மாற்றுங்கள். இப்போது ஆற்றல் வீணாகிறது. ஏன்? வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பனித்தரையில் சறுக்குகிற ஒரு கூட்டம். உராய்வே இல்லை, ஒருமுறை கிளம்பினால் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் எடை உண்டே! திருப்பி அனுப்ப எதிர்க்காற்று வீச வேண்டும். அந்தக் காற்று அவர்கள் மேல் மட்டுமா படும்? பக்கத்தில் சேற்றில் நிற்பவர்களையும் சேர்த்து இழுக்கும். சறுக்குபவர்கள்தான் ஜோடிகள், காற்று மின்புலம், சேற்றில் நிற்பவர்கள் ஜோடி சேராத தனி எலக்ட்ரான்கள். சூடு முழுக்க அந்தச் சேற்றில்தான். அதே மின்னோட்டத்துக்கு அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பு. இழப்போ நான்கு மடங்கு! ஜோசப்சன் சந்திக்குள் எடையின் வேலையை அலைக்கட்டம் பார்க்கிறது, அதாவது இரு பக்கத்து ஜோடிகளின் அலைகளுக்கு நடுவே உள்ள முன்பின் வித்தியாசம். அது எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம்: ஒரு மில்லிவோல்ட்டுக்கு 483.6 கிகாஹெர்ட்ஸ். கணக்கு அதேதான்.

அதிர்வெண் இன்னும் ஏறினால் ஃபோட்டான்கள், அதாவது அந்த அலையின் ஆற்றல் பொட்டலங்கள், ஜோடிகளையே உடைத்துவிடும். நியோபியத்தில் இது சுமார் 700 கிகாஹெர்ட்ஸில்; அலுமினியம் பாவம், 100-ஐக்கூடத் தொடுவதில்லை.

குவாண்டம் கணினிச் சில்லுகள் ஓடுவது சுமார் 5 கிகாஹெர்ட்ஸில், அப்சலூட் பூஜ்ஜியத்துக்கு மேலே வெறும் சில பத்து மில்லிகெல்வினில். அந்தக் குளிரில் தனி எலக்ட்ரான் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்கிறது கோட்பாடு. அளந்து பார்த்தால் இருக்கின்றன! ஜோடிகளை உடைத்துப் பிடிபட்ட குற்றவாளிகளில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் உண்டு. அதனால்தான் சில ஆய்வாளர்கள் சில்லைச் சுற்றி ஈயச் சுவர் எழுப்பிப் பார்த்தார்கள், சிலர் நிலத்தடி ஆய்வகத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வேறு யார் மேல் உங்களுக்குச் சந்தேகம்? கமென்ட்டில் சொல்லுங்கள்.