கை வைக்காமல் விட்ட கொதிநீர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பயணத்தைப் பற்றிப் பேசுங்கள், பாடம் நடத்திவிடாதீர்கள் என்று செயலாளர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். காலமெல்லாம் இயற்பியல் நடத்தியவளுக்கு இது கடுமையான நிபந்தனை. முடிந்தவரை காப்பாற்றுகிறேன்.

கொதிநீரை வானத்தில் பீய்ச்சியடிக்கும் கெய்சர்கள் உலகம் முழுவதும் சேர்த்துச் சுமார் ஆயிரம்தான். அதில் ஏறக்குறையப் பாதி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலேயே இருக்கின்றன. ஏன்? அடியில் எரிமலை இருக்கிறது என்பது புத்தகப் பதில். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதியைச் சொல்ல, நானும் என் வீட்டுக்காரரும் அங்கே சுற்றிய ஒரு பகலைச் சொல்ல வேண்டும்.

அவர் சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நீராவி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது.

காலையில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற கெய்சர். சுற்றிப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அடுத்து எப்போது பீறிடும் என்று, பத்து நிமிடம் முன்பின்னாக, பார்வையாளர் மையத்தில் நேரம் போட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது. போன தடவை இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கியிருந்தால் அடுத்தது ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். நீண்ட நேரம் அடித்திருந்தால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலியானது நிரம்ப வேண்டுமே!

முதலில் கொஞ்சம் நீர் சளக்கென்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. "அவ்வளவுதானாங்க?" என்றேன். "சேஃப்டி வால்வ் கசியுது, இரு" என்றார். அடுத்த நிமிடம் ஒரு வெள்ளைத் தூண் எழுந்தது. நாற்பது மீட்டர் இருக்கும். அடங்கியதும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடியது. இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அந்தத் தொண்டை எவ்வளவு அகலம் இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டார்.

1990களின் தொடக்கத்தில் உள்ளே கேமரா இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில் குழாய் அரைச் சாண் இடுக்காகக் குறுகுகிறது. எல்லா வித்தையும் அந்த இடுக்கில்தான். அங்கே நாம் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் நிற்கிறோம். திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் குழாயின் 22 மீட்டர் ஆழத்தில் 118 டிகிரி அளந்திருக்கிறார்கள். மேலே நிற்கும் நீரின் எடை அதைக் கொதிக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. கிளம்பி வரும் ஆவிக் குமிழ்கள் இடுக்கில் நெரிபட்டு, மேலேயுள்ள நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகின்றன. எடை குறைந்த அந்தக் கணமே அடிநீரில் ஒரு பங்கு ஆவியாகிப் பல நூறு மடங்கு விரிகிறது. நாம் பார்த்தது அதைத்தான். இடுக்கு இல்லாவிட்டால் அது வெறும் வெந்நீர்க் குளம். பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிகா உள்சுவரில் படிந்து படிந்து, அழுத்தம் தாங்குகிற மாதிரி பூசிக் கொடுத்திருக்கிறது. "இந்த லைனிங்குக்கு எங்க ஆலையில லட்சக்கணக்குல டெண்டர் விடுவாங்க" என்றார்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாடம் முடிந்தது.

இவ்வளவு குறுகிய தொண்டையை அடைக்க எத்தனை நேரம் ஆகும்? மனிதர்களுக்கோ கெய்சரைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. 1882-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் ஷெரிடனோடு வந்த சிப்பாய்கள் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வாயில் அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். பருத்தித் துணி வெளுத்து வந்தது, கம்பளி நார்நாராக வந்தது. சீக்கிரம் பீறிட வைக்கச் சோப்புப் போட்டவர்களும் உண்டு. படிவுகளை நினைவுப்பொருளாக வெட்டி எடுத்துப் போனார்கள். கடைசியில் 1886-இல் பூங்காவைக் காக்க ராணுவமே வர வேண்டியிருந்தது.

ஆற்றை ஒட்டி நடந்தால் மார்னிங் குளோரி என்ற குளம். ஒரு காலத்தில் முழு நீலம். இப்போது ஓரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும். பார்க்க வந்தவர்கள் உள்ளே போட்ட பொருள்கள் அடைத்துக்கொண்டு வெப்பம் குறைய, சற்றுக் குளிர்ந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உள்ளே இறங்கிவிட்டன. 1950-இல் நீர்மட்டத்தைத் தாழ்த்தி அதைப் பீறிட வைத்துச் சுத்தம் செய்தபோது, ஒரு சென்ட் காசுகளாகவே 86 டாலர் கிடைத்தது. அதோடு 76 கைக்குட்டைகள், துண்டுகள், சாக்ஸ், உள்ளாடைகள். பலகையைப் படித்த இவர், "கைக்குட்டை சரி, உள்ளாடையை எதுக்குடா கழட்டிப் போட்டான்?" என்று சத்தமாகவே கேட்டார். நல்லவேளை, பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் குளத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நூறு மீட்டருக்கு மேல் அகலம். அந்த நிறங்களும் நுண்ணுயிர்களின் வேலைதான். அதே பூங்காவின் வெந்நீரில் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி 1960களில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவின் நொதியால்தான் பிசிஆர் பரிசோதனை நடைமுறைக்கு எளிதானது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பிசிஆர்.

இப்போது மீதிப் பாதிக்கு வருகிறேன். நியூசிலாந்தில் வைராக்கே என்ற இடத்திலும் கெய்சர் பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. 1958-இல் அங்கே புவிவெப்ப மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் கெய்சர்கள் நின்றுபோயின. அதே நாட்டின் ரோட்டோருவாவில் வீட்டுக்கு வீடு துளை போட்டு வெந்நீர் எடுக்க, கெய்சர்கள் தளர்ந்தன. 1986-இல் போஹுட்டு கெய்சரைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூட அரசு உத்தரவிட்ட பிறகுதான் மீண்டும் தெம்பு வந்தது. யெல்லோஸ்டோனில் அப்படி யாரும் குழாய் இறக்கவில்லை. 1872 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கிராண்ட் கையெழுத்திட்ட பூங்காச் சட்டம் அந்த நிலத்தைக் குடியேற்றத்துக்கும் விற்பனைக்கும் இல்லை என்று ஒதுக்கிவிட்டது. பாதி கெய்சர்கள் அங்கே பிறந்ததற்கு எரிமலை காரணம். இன்னும் உயிரோடு இருப்பதற்குச் சட்டம் காரணம்.

அந்தச் சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்தும் ஆட மாட்டேன். அங்கே டுகுடிகா என்ற ஷோஷோனி பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். பூங்கா வந்த சில வருடங்களிலேயே, கண்காணிப்பாளர் நோரிஸ் காலத்தில், அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். துணி துவைத்த சிப்பாய்க்கு இடம் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

நோரிஸ் பெயரிலேயே ஒரு படுகை இருக்கிறது. மாலையில் அங்கே போனோம். ஸ்டீம்போட் என்ற கெய்சர் 90 மீட்டருக்கு மேல் அடிக்கக்கூடியது, இயங்குவதில் உலகிலேயே உயரம். 1911-லிருந்து 1961 வரை ஒரு பெரிய பீறலும் இல்லாமல் கிடந்தது. 2018-இல் திடீரென்று சுறுசுறுப்பானது. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் நின்றவரை புகைந்துகொண்டுதான் இருந்தது. "ஓல்டு ஃபெய்த்ஃபுல் பர்மனென்ட், இது கேஷுவல் லேபர்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலான சாலைகளில் கார் விட மாட்டார்கள். மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். மேலோடு மெலிசு, வெந்நீரில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நில்லுங்கள், அது எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பாய்லர் சம்பந்தமான கேள்விகளை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கலாம்.