கப்பல் எங்கே நிற்கிறது? கடல் மறுப்பு உத்தியும் தகவல் போரும்

(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு கடற்பரப்புக்குள் எதிரியை நுழையவிடாமல் தடுக்கும் உத்தியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வரைபடத்தில் வட்டம் கீறுவதோடு நின்றுவிடுகிறார்கள். கப்பலைத் தாக்கும் சீனாவின் டிஎஃப்-21டி ஏவுகணையின் வீச்சு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர், டிஎஃப்-26இன் வீச்சு ஏறத்தாழ 4,000. இந்த வட்டங்களை மட்டும் நம்பி எழுதப்படும் கட்டுரைகள் எனக்குக் கவலை தருகின்றன.

விமானந்தாங்கிக் கப்பல் மணிக்கு 30 கடல்மைல் ஓடக்கூடியது. செய்மதிப் படம் அரை மணி நேரம் பிந்தினால், கப்பல் எந்தத் திசையிலும் 28 கிலோமீற்றர் வரை விலகியிருக்கலாம். தேடவேண்டிய பரப்பு சுமார் 2,400 சதுர கிலோமீற்றர் ஆகிவிடும். இந்த யாழ் மாவட்டத்தின் இரு மடங்குக்கும் மேல்! கப்பலைக் காணவேண்டும், இன்னதென்று அடையாளம் பிடிக்கவேண்டும், விடாமல் தொடரவேண்டும், இலக்கை ஏவுதளத்துக்குச் சொல்லவேண்டும், பறக்கும் ஏவுகணைக்குப் புதிய இடத்தைக் கொடுக்கவேண்டும், பட்டதா என்றும் பார்க்கவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் 1,500 கிலோமீற்றர் என்பது வெறும் எண்தான்.

அதனால்தான் கப்பற்படை தன் ராடரை அணைத்து ஓடுகிறது, போலி இலக்குகளை மிதக்கவிடுகிறது, எதிரியின் அலைவரிசையைக் குழப்புகிறது. குழப்பும் கருவிக்கும் ஆபத்து உண்டு. அதுவே அலை வீசுவதால், எத்திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். நெடுநேரம் இயக்கினால் அதுவே இலக்காகிவிடும்.

தகவலும் ஓர் ஆயுதம் என்பதைச் சீனா நன்றாக உணர்ந்திருக்கிறது. பொதுக்கருத்து, உளவியல், சட்டம் என்ற மூன்று போர்முறைகளை 2003இல் ஏற்றுக்கொண்டது. விண்வெளி, இணைய, மின்னணுப் போருக்காக 2015 இறுதியில் அமைத்த மூலோபாய ஆதரவுப் படையை 2024 ஏப்ரலில் கலைத்து, தகவல் ஆதரவுப் படையைத் தனியே நிறுவியது.

இனி, பொய்த் தகவலுக்கு வருவோம். 2021 ஜூன் 18 இரவு, பிரித்தானியாவின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் ஆகிய போர்க்கப்பல்கள் உக்ரைனின் ஒடெசாவிலிருந்து புறப்பட்டு, ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலை நெருங்குவதாகக் கப்பல் கண்காணிப்பு இணையத்தளங்கள் காட்டின. அதே நேரம் ஒடெசாத் துறைமுகத்தின் இணையக் கமராவில் இரண்டும் கட்டியபடியே நின்றன. ஐந்து நாள் கழித்து டிஃபெண்டர் உண்மையாகவே செவஸ்தபோல் அமைந்துள்ள கிரிமியாவை ஒட்டிச் சென்றது. எச்சரிக்கை வேட்டு வைத்ததாக ரஷ்யா சொன்னது, பிரித்தானியா மறுத்தது. முன்னைய பொய்த்தடம் பிந்திய சம்பவத்தை எவ்வளவு கலக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிச் செய்ய முடிவதற்குக் காரணம் எளிது. அந்த இணையத்தளங்கள் நம்பியிருக்கும் ஏஐஎஸ் என்னும் தன்னியக்க அடையாள முறை, கப்பல்கள் ஒன்றோடொன்று மோதுவதைத் தவிர்க்க அமைந்தது. கப்பல் தன் ஒன்பது இலக்க எண்ணையும் இடத்தையும் வீஎச்எஃப் வானொலி அலையில் தானே அறிவிக்கும். அனுப்பியவர் யார் என்று சரிபார்க்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை.

இங்கே பத்திரிகைத் துறையில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாக்கு நீரிணையில் ஏதோ ஒரு போர்க்கப்பல் தெரிகிறதென்று கண்காணிப்பு இணையத்தளத்தின் திரையைப் படம் பிடித்து யாரும் அனுப்பினால், முதலில் தடத்தின் வேகத்தைப் பாருங்கள். திடீர்ப் பாய்ச்சல் இருந்தால் சந்தேகியுங்கள். கப்பல் நீரில் அமிழும் ஆழத்துக்கு அங்கே தண்ணீர் போதுமா என்று கடல் வரைபடத்தில் பாருங்கள். அதே நேரத்து ராடர் செய்மதிப் படமோ துறைமுகப் படமோ கிடைக்கும்வரை செய்தியை நிறுத்தி வையுங்கள்.