உதடு அசைகிறது, குரல் எங்கே?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

'ஏமி வைன்ஹவுஸ் பற்றிய ஆவணப்படம் அஞ்சலியா, அத்துமீறலா' என்பது தலைப்பு. ஏமி, 27 வயதில் இறந்துபோன நம்ம லண்டன் பாடகி. அஞ்சலியே என்று பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போன வாரம் அணி பிரித்தபோது எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசியிருப்பேன். ஆனால் எதிரணிச் சகோதரி இப்போது ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "கல்யாண வீடியோக்காரர் சாவு வீட்டுக்கும் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், அதுதான் இந்தப் படம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். அதிலிருந்து எனக்குத் தலைப்பு மறந்துபோய்விட்டது. ஏனென்றால் கல்யாண வீடியோவால் என்னைப் போல் அடிபட்டவர் இந்த மண்டபத்தில் யாரும் இருக்க முடியாது.

1991, திருமங்கலம், எங்கள் அக்கா கல்யாணம். வீடியோ எடுக்க ஒரு அண்ணன் வந்தார். கூடவே லைட் பிடிக்க ஒரு பையன். அந்த லைட் வெளிச்சத்தில் ஐயர் மந்திரத்தை மறந்தார், மாப்பிள்ளைக்கு வேர்த்தது, தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டே வாசித்தார். மூன்று மாதம் கழித்துக் கேசட் வந்தது. தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. ஒரு தாமரை விரிகிறது, அதற்குள் அக்கா தலை மட்டும் சுற்றுகிறது. ஒரு இதயம் பிளக்கிறது, உள்ளே மாப்பிள்ளை. பிறகு ஈஃபில் கோபுரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். கொடைக்கானலுக்கே பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்!

பந்திக்கு வருவோம். என் சித்தப்பா அப்பளத்தை வாயில் வைக்கிறார். அந்த அண்ணனுக்கு அதில் என்ன கலைநயம் தெரிந்ததோ, அங்கேயே படத்தை நிறுத்தி, நாலு பக்கமும் பூ ஒட்டிவிட்டார். சித்தப்பா இப்போது தாத்தாவாகிவிட்டார். கேசட்டில் இன்னும் அந்த அப்பளம் உடையவில்லை.

சிரித்துவிட்டீர்கள், சரி. இப்போது படத்துக்கு வருகிறேன், பார்க்காதவர்களுக்காக.

2015-இல் வந்த படம், பெயரே 'ஏமி'. எடுத்தவர் ஆசிஃப் கபாடியா, இந்திய வம்சாவளி, இதே லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். அடுத்த ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஏமியும் நம்ம ஊர்க்காரர்தான், வடக்கு லண்டன் சவுத்கேட். 2003-இல் முதல் ஆல்பம், 2006-இல் இரண்டாவது, 2008-இல் ஒரே இரவில் 5 கிராமி இசை விருது. விசா நேரத்துக்குக் கிடைக்காமல் அமெரிக்கா போக முடியவில்லை, லண்டனிலிருந்தே பாடினார். 2011 ஜூலை 23, கேம்டன் வீட்டில் இறந்துகிடந்தார். வயது 27. 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கே கார் ஓட்டுகிறவருக்கு அனுமதி 80. இவ்வளவுதான் செய்தித்தாளுக்குத் தெரிந்த ஏமி.

படம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? 1998. ஒரு தோழியின் பிறந்தநாள். வீட்டு வீடியோ, ஆடுகிறது, அலைகிறது. 14 வயசுப் பெண் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறாள். எல்லாரும் பாடும் அதே பாட்டுதான். இந்தப் பெண் அதை இழுக்கும் இழுப்பில், ஐம்பது வயசு ஜாஸ் பாடகி ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சகோதரி அவர்களே, அதை எடுத்தது கபாடியா இல்லை. யாரோ ஒரு வீட்டு ஆள், எதற்கு எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுத்தது.

கபாடியா ஏறக்குறைய நூறு பேரைப் பேட்டி கண்டார். ஒருவரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் புத்தக அலமாரி வைத்து, கண்ணைத் துடைக்கச் சொல்லிக் காட்டினாரா? இல்லை. அவர்கள் குரல் மட்டும் ஓடுகிறது, திரையில் ஏமி. அவர் பாடும்போது வரிகள் எழுத்தாக வந்து நிற்கின்றன. வானொலியில் ஆயிரம் முறை கேட்டு, தலையாட்டிவிட்டுப் போன பாட்டுதான். எழுத்தாகப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது, அடப்பாவி, இந்தப் பெண் முதலிலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தாள். அந்த மறுப்பையே பாட்டாக எழுதினாள். நாம் அதற்கு ஆடினோம், கிராமி கொடுத்தோம்.

எதிரணி இன்னொன்றும் சொன்னது. மகளின் படத்தைத் தந்தை மிட்ச்சே ஏற்கவில்லையே என்று. உண்மைதான். படம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்றார். 'அந்தச் சமயத்தில் சிகிச்சை தேவையில்லை' என்று தான் சொன்னதில், 'அந்தச் சமயத்தில்' என்பதை வெட்டிவிட்டார்கள் என்பது அவர் புகார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. வெட்டு வாங்கியவர் வலி வெட்டு வாங்கியவருக்குத்தான் தெரியும், எங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள்! ஆனால் செயின்ட் லூசியா தீவில், ஓய்வுக்கென்று போயிருந்த மகளிடம் டிவி கேமராக் குழுவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கியதும் அதே தந்தைதான். அந்தக் காட்சியும் படத்தில் இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை சகோதரி கேட்டார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் விரட்டி விரட்டி எடுத்த படங்களையே இயக்குநரும் போட்டிருக்கிறாரே, அப்புறம் என்ன வித்தியாசம் என்று. நல்ல கேள்வி. வீட்டு வாசலில் அந்த ஃப்ளாஷ் வெடிக்கும் காட்சியில் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நடுவர் ஐயா குறித்துக்கொள்கிறார், குறித்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் சொல்வேன். அந்தப் படங்கள் வந்த நாளில் நாம் டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். டிவி நகைச்சுவைக்காரர்கள் இந்தப் பெண்ணை வைத்து ஜோக் அடித்தபோது சோபாவில் உட்கார்ந்து சிரித்தோம். அதே ஜோக்குகளை இந்தப் படத்தில் கேட்டு யாராவது சிரிக்கட்டும் பார்ப்போம்.

பெல்கிரேட் கச்சேரி, 2011 ஜூன் 18. மேடையில் நிற்கிறார், பாட முடியவில்லை. கூட்டம் கூச்சல் போடுகிறது. அதற்கு 35-ஆம் நாள் ஆள் இல்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், மார்ச்சில், இங்கே அபே ரோடு ஸ்டூடியோவில் அமெரிக்க ஜாஸ் பாடகர் டோனி பென்னட்டோடு ஒரு டூயட் பாட வந்தார். அவருக்கு 84 வயது, ஏமி சின்ன வயசிலிருந்து கும்பிட்ட மனிதர். உலகமே கொண்டாடிய பாடகி, முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி தவிக்கிறார், சரியாக வரவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் படுகிறார். பெரியவர் அவசரப்படுத்தவே இல்லை. பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்துப் பாடவைக்கிறார். ஸ்டூடியோவில் ஏமி கடைசியாகப் பாடியது அதுதான்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே நிமிடம் ஐயா, அந்தக் கேசட்டில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் அம்மாச்சி அந்தக் கல்யாணத்தில் நலங்குப் பாட்டுப் பாடினார். ஊரில் எந்த வீட்டு நலங்கு என்றாலும் அவர்தான் பாட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது, பாட்டெல்லாம் வாயில்தான். வீடியோ அண்ணன் அதை முழுதாக எடுத்திருந்தார், மூன்று நிமிடம். முகத்துக்கு நேராக லைட், பாட்டி அசையவே இல்லை. ஆனால் கேசட் போடும்போது, வெறும் சத்தம் நன்றாக இருக்காது என்று, மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். அம்மாச்சி வாயைத் திறக்கிறார், சுசீலா அம்மா பாடுகிறார்! அன்றைக்கு அதற்குத்தான் எல்லாரும் அதிகம் சிரித்தோம். அம்மாச்சியும் வாயில் வெற்றிலையோடு சிரித்தார்.

ஐந்து வருஷத்தில் போய்விட்டார். அவர் குரல் வேறு எங்கேயும் பதிவாகவில்லை. எங்களிடம் இருப்பது ஒரு கேசட்டும், அதில் அசைகிற ஒரு உதடும்தான்.

போன தடவை ஊருக்குப் போனபோது அந்தக் கேசட்டைப் பென் டிரைவில் மாற்றிக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு இப்போது 78 வயசு. அந்த இடம் வந்ததும் ரிமோட்டை வாங்கினார். சத்தத்தை முழுக்கக் குறைத்தார். டிவிக்குக் கிட்டே போய், தரையில் உட்கார்ந்து, அம்மாச்சி உதட்டையே பார்த்தார். மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார், பொருந்தவில்லை. திரும்ப ஓட்டச் சொன்னார். வேறு பாட்டு, அதுவும் இல்லை. நாலாவது தடவை எடுத்த பாட்டில், உள்ளே அம்மாச்சி வாய் திறந்த இடத்தில் வெளியே அம்மாவுக்கும் திறந்தது, மூடிய இடத்தில் மூடியது.

"இதுதாண்டா" என்றார். திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார்.