சிகரெட்டை விடும் வாரத்தில் மாத்திரையையும் கவனியுங்கள்

அவையோருக்கு வணக்கம்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகைபிடிப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. "அவருக்கு இருக்கும் ஒரே நிம்மதி அது, அதையும் ஏன் பிடுங்க வேண்டும்?" என்பார்கள் வீட்டார். சிகிச்சை தருபவர்களிலும் சிலர் அப்படியே பேசுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்த நோயாளிகளின் ஆயுளைக் குறைப்பதில் இதய நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பெரும் பங்கு உண்டு.

நிகோடின் கவனத்தைக் கொஞ்ச நேரம் கூர்மையாக்கும், உண்மைதான். ஆனால் இரத்தத்தில் அது இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடனே எரிச்சல், பதற்றம். அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தைத்தான் தணிக்கிறது. அதை நோய் தணிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். புகைப்பவர்களிடம் குரல் கேட்பது, சந்தேகம் போன்றவை கடுமையாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு சில காட்டவில்லை. நோய் முற்றியதால் அதிகம் புகைக்கிறாரா, புகையால் மருந்து குறைந்து நோய் முற்றியதா என்று பிரித்தறிவது எளிதல்ல.

மருந்து எப்படிக் குறைகிறது? புகையிலை எரியும்போது வரும் தார்ப்பொருள்கள் கல்லீரலில் சிப் 1ஏ2 என்ற நொதியைத் தூண்டுகின்றன. மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின், ஓலான்சபின் என்ற மருந்துகளைச் சிதைப்பது அந்த நொதிதான். தூண்டுவது நிகோடின் அல்ல, புகை. ஆகவே தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையான பேட்ச் ஒட்டினாலும், நிகோடின் சூயிங்கம் மென்றாலும், நொதியைப் பொறுத்தவரை அவர் புகையை விட்டவரே. நாளுக்குப் பத்து சிகரெட் அளவிலேயே தூண்டல் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடும். முப்பதை இருபதாக்கினால் இரத்தத்தில் மருந்தளவு பெரிதாக அசையாது. பத்தை அடியோடு நிறுத்தினால் அசையும்.

நிறுத்திய ஒரு வாரத்துக்குள் க்ளோசபின் அளவு ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு அதற்கும் மேல். பகலெல்லாம் தூக்கம், தலையணை நனையும்படி எச்சில், கடும் மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், கடைசியில் வலிப்பு. ஆகவே விடுவதற்கு முன் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் இரத்தத்தில் மருந்தளவைப் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் மருத்துவர் பொதுவாகக் கால்வாசி வரை குறைப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள். காபியையும் பாதியாக்குங்கள், காஃபீனையும் இதே நொதிதான் சிதைக்கிறது.

புகைக்க அனுமதியில்லாத வார்டில் சேர்பவருக்கும் இதே கதை. அங்கே சரிசெய்த அளவோடு வீடு திரும்பி, வாசலிலேயே பற்றவைத்தால், சில நாட்களில் மருந்து போதாமல் போகும்.

விட்டவருக்கு முதல் வாரத்தில் தூக்கமின்மையும் எரிச்சலும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அதை நோய் திரும்பியதாக அவசரப்பட்டு முடிவு செய்து மருந்தைக் கூட்டிவிடக்கூடாது. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்ச். தினமும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். கனவுகள் தொல்லை செய்தால் இரவில் எடுத்துவிடலாம். புகையை விட உதவும் வாரெனிக்லின் மாத்திரை மனநோயைக் கிளறும் என்ற பயம் நெடுநாள் இருந்தது. மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. அதேபோல் புகையை விடத் தரும் புப்ரோபியான் மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது. க்ளோசபினோடு சேர்ப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

மறுபடி புகைக்கத் தொடங்கிவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார், மருத்துவரும் பழைய அளவையே எழுதிக்கொண்டிருப்பார். "நேற்று எத்தனை?" என்று சாதாரணமாகக் கேட்டு, அந்த எண்ணை மருந்துச் சீட்டின் பின்னால் குறித்து எடுத்துப் போங்கள்.